மண்பானை குளிர்பெட்டியான கதை

சந்தைக்குத் தக்காளி கொண்டுபோய், விலையைக் கேட்டு மனசு நொந்து திரும்பிய அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். விடியற்காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் ஒரு விலை. "இந்த விலைக்குக் கட்டாதுங்க" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வர நமக்கும் ஆசைதான். ஆனால் கூடையில் இருப்பது இரும்பா, என்ன? நாளைக்கு இது கனிந்து நீர்விட்டுப் போகும் என்பது நமக்கும் தெரியும், எதிரே நிற்கிற வியாபாரிக்கும் தெரியும். அதனால்தான் அவர் அவசரப்படுவதில்லை. அந்தச் சரக்கு இன்னும் நாலு நாள் தாங்கும் என்றால், நம் பேச்சுக்கும் கொஞ்சம் பலம் வந்துவிடும் அல்லவா?

வீட்டில் பிரிட்ஜ் இருக்கலாம். பத்துக் கூடை தக்காளியை அதில் வைக்க முடியுமா? குளிர்பதனக் கிடங்கோ எல்லா ஊரிலும் இல்லை. இந்தக் குறைக்கு, மின்சாரமே இல்லாமல், மண்ணையும் மணலையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு மூன்று இடங்களில் ஆட்கள் வழி தேடினார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் நம் வீட்டு மண்பானையைப் பாருங்கள். கோடையில் அதிலுள்ள தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து வெளிப்பக்கம் ஈரமாகிறது. அந்த ஈரம் காற்றுப் பட்டு ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போவதற்கு ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. அதே ஒரு லிட்டரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவைக்க ஆகும் வெப்பத்தைப்போல இது எட்டு மடங்கு! சும்மா கசிகிற தண்ணீர் இவ்வளவு சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. குடிதண்ணீருக்குப் பயன்பட்ட இந்த வித்தையைக் காய்கறிக்கும் திருப்பிவிட்டால் என்ன என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட இடம் புதுதில்லி பூசா வளாகத்திலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம். 1980களின் தொடக்கத்தில் ராய், குர்தியா என்ற இரு விஞ்ஞானிகள் அங்கே ஒரு செங்கல் தொட்டியைக் கட்டினார்கள். ஒற்றைச் சுவராகக் கட்டாமல் இரட்டைச் சுவராக எழுப்பி, இரண்டுக்கும் நடுவே ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் மணலை நிரப்பினார்கள். அடித்தளம் 165 சென்டிமீட்டர் நீளம், 115 சென்டிமீட்டர் அகலம். சுவர் உயரம் 67.5 சென்டிமீட்டர், அதாவது இடுப்பளவுக்கும் கீழேதான். மேலே சாக்கு அல்லது வைக்கோல் மூடி, அதற்கு மேல் நிழலுக்கு ஒரு கூரை. மணலைக் காலையும் மாலையும் நனைத்துவர வேண்டும், அவ்வளவுதான். சுமார் 100 கிலோ காய்கறி பிடிக்கும். வடநாட்டு வறண்ட கோடையில், வெளியே கொளுத்தும் வெயிலைவிடத் தொட்டிக்குள்ளே 10 முதல் 15 டிகிரி வரை சூடு குறைந்திருந்தது. உள்ளே 90 சதவீத ஈரப்பதமும் இருந்ததால் காய் வாடவில்லை, எடையும் குறையவில்லை. எடை குறையாவிட்டால் காசும் குறையாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கதை ஆப்பிரிக்காவில் நடந்தது. நைஜீரியா நாட்டின் வடபகுதி நம் வறண்ட மாவட்டங்களைவிடக் காய்ந்த பூமி. அங்கே ஜிகாவா மாநிலத்தில் முகமது பா அப்பா என்று ஒரு ஆசிரியர் இருந்தார். பானை வனையும் குடும்பத்தில் பிறந்தவர். கிராமத்தில் மின்சாரம் கிடையாது. பறித்த காய்கறியை அன்றன்றே விற்றாக வேண்டும். விற்கப் போகிறவர்கள் யார் தெரியுமா? வீட்டுப் பெண் பிள்ளைகள். தினமும் தலையில் கூடையைச் சுமந்து போகிற பிள்ளை பள்ளிக்கூடம் போவது எப்படி? காய் அழுகுவதும் பிள்ளையின் படிப்பு நின்றுபோவதும் ஒரே சங்கதிதான் என்று அவர் கண்டுகொண்டார்.

1995-இல் அவர் செய்தது மிக எளிய காரியம். பெரிய பானைக்குள் ஒரு சின்னப் பானையை வைத்தார். இடையில் ஈர மணல். மேலே ஈரத்துணி. முடிந்தது வேலை! மூன்று நாளில் கெட்டுப்போகிற கத்தரிக்காய் அதற்குள் 27 நாள் இருந்தது. தக்காளியும் மிளகாயும் மூன்று வாரத்துக்கு மேல் தாங்கின. ஒரே நாளில் வாடிவிடும் அந்த நாட்டுக் கீரை 12 நாள் நின்றது.

இதைவிட, அவர் அதைப் பரப்பிய விதத்தைத்தான் என்னைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்கள் கவனிக்க வேண்டும். வேலையில்லாமல் இருந்த குயவர்களைக் கூப்பிட்டு முதலில் 5,000 ஜோடி பானைகளைச் செய்யவைத்து இலவசமாகவே கொடுத்தார். எழுத்தறியாத மக்களுக்கு அச்சிட்ட துண்டுப் பிரசுரம் எதற்கு உதவும்? உள்ளூர் நடிகர்களை வைத்து ஒரு நாடகம் போட்டு, அதைப் படம் பிடித்து ஊர் ஊராகக் காட்டினார். 2000-ஆம் ஆண்டில் இந்தப் பணிக்காக ரோலக்ஸ் விருது பெற்றார். தினசரி விற்கப் போக வேண்டிய கட்டாயம் குறைந்ததால், பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வழி பிறந்தது.

மூன்றாவது கதைக்கு மறுபடி நம் நாட்டுக்கே வருவோம். குஜராத் மாநிலத்தில் வாங்கானேர் என்று ஓர் ஊர். ஓட்டுக்கும் மண்பாண்டத்துக்கும் பேர்போன வட்டாரம். அங்கே மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர், பத்தாம் வகுப்பில் தேறாதவர், ஓட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஓடு அழுத்தும் எந்திரத்தைப் பார்த்து, இதேபோல ரொட்டி சுடும் மண் தவாவை ஏன் அழுத்தி எடுக்கக்கூடாது என்று யோசித்து, 1988-இல் கடன் வாங்கிச் சொந்தத் தொழில் தொடங்கினார். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தை உலுக்கிய பூகம்பத்தில் அவருடைய சரக்கும் நொறுங்கிப்போனது. அந்தச் சமயம் ஒரு பத்திரிகையில் உடைந்த மண்பானையின் படம் வந்தது. ஏழையின் பிரிட்ஜ் உடைந்துவிட்டது என்ற பொருளில் அதன் கீழே எழுதியிருந்தார்கள். பிடித்துக்கொண்டார் மன்சுக்பாய்! பானையை ஏழையின் பிரிட்ஜ் என்கிறார்களே, அப்படியானால் மண்ணிலேயே ஒரு பிரிட்ஜ் செய்தால் என்ன?

பல வகை மண்ணைக் கலந்து சுட்டுப் பார்த்து, உடைத்து, மறுபடி சுட்டு, சில ஆண்டுகள் பாடுபட்டு 'மிட்டிகூல்' என்ற மண் குளிர்பெட்டியை உருவாக்கினார். மேல் தட்டில் தண்ணீர் ஊற்றினால் அது பக்கச் சுவர்களில் கசிந்து இறங்கி ஆவியாகும். கீழ் அறைகளில் காய்கறி, பழம், பால் வைக்கலாம். கதவும் உண்டு, குடிக்கத் தண்ணீர் பிடிக்கக் குழாயும் உண்டு. மின்சார இணைப்பு மட்டும் கிடையாது.

இதெல்லாம் கேட்டுவிட்டு, நாளைக்கே தொட்டி கட்டிவிடுவோம் என்று கிளம்பிவிடாதீர்கள். நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கடலோரத்தில் ஒரு கிராமம். புத்தகத்தில் படித்த பூசா தொட்டியை ஆர்வத்தோடு கட்டி, ஒரு விவசாயியின் கத்தரிக்காயை வாங்கி உள்ளே வைத்தேன். ஐப்பசி மாதம், அடைமழைக் காலம். வெப்பமானி வைத்துப் பார்த்தால் உள்ளேயும் வெளியேயும் இரண்டு டிகிரி வித்தியாசம்கூட இல்லை. நாலாம் நாள் காயில் பூசணம் பூத்துவிட்டது. கூடியிருந்தவர்களில் வயதான ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் தம்பி, துவைச்ச சேலையே மூணு நாளாக் கொடியில ஈரமாக் கெடக்கு. உங்க தொட்டி மட்டும் எப்படித் தம்பி காயும்?"

எனக்குப் பதில் வரவில்லை. பட்டப்படிப்பில் நான் படித்ததை அந்த அம்மா கொடியில் காயும் சேலையை வைத்தே சொல்லிவிட்டார். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாக இடமில்லை. ஆவியாகாவிட்டால் குளிர்ச்சியும் இல்லை. தில்லிக் கோடையிலும் ஜிகாவாவிலும் வாங்கானேரிலும் பலித்தது, கடற்கரை மழைக்காலத்தில் பலிக்காது. காய்க்குரிய பணத்தை என் கையிலிருந்து கொடுத்தேன். பிறகு மாற்றலாகி உள்மாவட்டம் போனபோது, பங்குனி வெயிலில் அதே தொட்டியைக் கட்டினேன். அங்கே அது நன்றாகவே வேலை செய்தது.

ஆகவே உங்கள் ஊருக்கு இது ஆகுமா என்று அறிய வெப்பமானி வேண்டாம். நிழலில் ஒரு ஈரத்துணியைக் காயப்போடுங்கள். சீக்கிரம் காய்ந்தால் பானை குளிரும். காயாவிட்டால் ஆசையை விட்டுவிடுங்கள்.

செய்து பார்க்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். பளபளப்புப் பூச்சும் பெயின்ட்டும் இல்லாத மண்பானைகளே வேண்டும். பெரிய பானையின் அடியில் ஒரு அங்குலம் மணல் போட்டு, அதன்மேல் சின்னப் பானையை வைத்து, சுற்றிலும் மணல் நிரப்பி நனையுங்கள். காற்றோட்டமான நிழலில் முக்காலியின்மேல் வையுங்கள். வெயிலுக்குமுன் பறித்த, அடிபடாத காயை மட்டும் உள்ளே வையுங்கள். அழுகல் ஒன்று இருந்தாலும் மற்றதைக் கெடுத்துவிடும். வெங்காயம், பூண்டு வைக்கவே கூடாது, ஈரத்தில் முளைத்துவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளடைவில் துளைகள் அடைபடும். அவ்வப்போது பானையின் வெளிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

செலவு இரண்டு பானை, ஒரு கூடை மணல். முதலில் ஒரு படிக் கத்தரிக்காயில் செய்து பாருங்கள். பலித்தால் அப்புறம் செங்கல் தொட்டியைப் பற்றி யோசிக்கலாம். பலிக்காவிட்டால், ஏன் பலிக்கவில்லை என்று உங்கள் வட்டார விரிவாக்க அலுவலரிடம் சொல்லுங்கள். எனக்கு அந்த அம்மா சொன்னதுபோல, நீங்கள் சொல்வதும் அவருக்குப் பாடமாக இருக்கும்.