தாமே நூல் வெளியிட்ட மூவர்



நூலை இயற்றுதல் ஒரு தொழில். இயற்றிய நூலைப் பலர் கைக்கும் கொண்டு சேர்த்தல் மற்றொரு தொழில். எழுத்தாளர் எழுதித் தருவதும், பதிப்பகத்தார் பொருள் செலவிட்டு அச்சிட்டு விற்பதும் நமக்குப் பழகிய முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் இம்முறை நன்கு வேரூன்றவில்லை. ஒரு நூல் வெளிவர வேண்டுமென்று விரும்பிய அறிஞர், பெரும்பாலும் தாமே பொருள் திரட்டி, தாமே காகிதம் வாங்கி, அச்சுப்பிழை திருத்தி, வாங்குவோரையும் தேட வேண்டியிருந்தது. அவ்வாறு முயன்ற மூவரைப் பற்றி இப்பேச்சில் காண்போம். அவர்கள் ஆறுமுக நாவலர், உ. வே. சாமிநாதையர், சுப்பிரமணிய பாரதியார் ஆவர்.

அச்சு தமிழுக்கு மிகப் பழமையானது. 1578-ஆம் ஆண்டிலேயே ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியிலும் அச்சுக்கூடம் அமைந்தது. எனினும் நெடுங்காலம் அச்சியந்திரங்கள் கிறித்தவ சமயத் தொண்டர்களிடமும் கும்பினி அரசினரிடமுமே பெரும்பாலும் இருந்தன. 1835-ஆம் ஆண்டில், தலைமை ஆளுநர் பொறுப்பிலிருந்த சார்லசு மெட்காபு, கும்பினி ஆட்சிப் பகுதிகளில் அச்சகங்களுக்கு இருந்த உரிமக் கட்டுப்பாட்டை நீக்கினார். அதன் பின்னரே சென்னையில் நம்மவர் நடத்திய அச்சகங்கள் பெருகின.

இந்த வாய்ப்பைத் தக்கவாறு பயன்படுத்தியவர்களுள் ஒருவர் ஆறுமுக நாவலர். 1822-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த அவர், இளமையில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் பணியாற்றி, விவிலிய மொழிபெயர்ப்பில் துணை புரிந்தார். அச்சிட்ட நூல் மக்கள் மனத்தில் எத்துணை ஆற்றலுடன் செல்லும் என்பதை அங்கே அருகிருந்து கண்டார். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளி தொடங்கியாயிற்று, பிள்ளைகள் படிப்பதற்கு நூல்கள் வேண்டுமே! 1849-இல் கடல் கடந்து சென்னைக்கு வந்தார். சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரி உரையையும் அங்கே அச்சிட்டார். ஓர் அச்சியந்திரத்தையும் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பினார். பாலபாடங்களும், 1852-இல் பெரியபுராண வசனமும் வெளிவந்தன. பிற்காலத்தில் சென்னையிலும் அவரது அச்சுக்கூடம் நடைபெற்றது.

சொந்த அச்சகம் உடையவர் பிறர் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எதை வெளியிடுவது, எவ்வாறு வெளியிடுவது என்பதை அவரே முடிவு செய்யலாம். நாவலர் அவ்வுரிமையைப் பிழையற்ற பதிப்புக்குப் பயன்படுத்தினார். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தார். உரைநடையில் நிறுத்தக் குறிகளை இட்டுப் படிப்போரின் இடரைக் குறைத்தார். ஆனால் அச்சகம் என்பது நாள்தோறும் செலவு கேட்கும் பொருள். நூல் விற்றாலும் விற்காவிட்டாலும் அச்சுக் கோப்பவருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். ஆகவே இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் போன்ற வள்ளல்களின் துணை நாவலருக்கும் வேண்டியிருந்தது.

அடுத்தவர் சாமிநாதையர். அவரிடம் அச்சகம் இல்லை, பெருஞ்செல்வமும் இல்லை. 1880-ஆம் ஆண்டு முதல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அவ்வாண்டில் அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரின் நட்பால், சீவக சிந்தாமணியை ஆராயும் பணி அவருக்கு வாய்த்தது. சமண சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமண அன்பர்களிடமே சென்று கேட்டுத் தெளிந்தார். பல ஊர் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார்.

நூலை அச்சிடும் காலம் வந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை, 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை வெளியிட்டுப் பதிப்புத் துறையில் நல்ல அனுபவம் பெற்றிருந்தார். சிந்தாமணியையும் தாமே பதிப்பிக்க விரும்பிக் கேட்டார். அவரிடம் கொடுத்திருந்தால் பணக்கவலை தீர்ந்திருக்கும். ஆயினும் பல்லாண்டு உழைத்து ஆராய்ந்த நூலைத் தம் பொறுப்பிலேயே வெளியிடுவதென்று சாமிநாதையர் உறுதி பூண்டார்.

பணத்திற்கு அவர் கொண்ட வழி கையொப்பம். நூல் வெளிவந்ததும் இத்தனை பிரதி பெற்றுக்கொள்வேன் என்று அன்பர்கள் முன்கூட்டியே கையெழுத்திட்டுத் தருவர். சிலர் பணமும் முன்னதாகவே கொடுப்பர். இன்னும் அச்சேறாத நூலுக்கு, ஆசிரியர் ஒருவரின் சொல்லை நம்பிப் பொருள் தருவது இம்முறை. கும்பகோணத்துக்கும் சென்னைக்குமாக அலைந்து, விடுமுறை நாட்களை அச்சகத்திலே கழித்து, 1887-இல் அவர் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார். அந்நூலால் பெற்ற நம்பிக்கை அடுத்த நூல்களுக்கு முதலாயிற்று. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன. செல்லும் மணலும் தின்ன எஞ்சிய ஏடுகளில் கிடந்த இலக்கியங்கள் இவை. கையொப்பமிட்ட அன்பர்களுக்கும் இந்த மீட்பில் பங்குண்டு.

மூன்றாமவர் பாரதியார். 1908-இல் தம் ‘சுதேச கீதங்க’ளைத் தாமே வெளியிட்டார். அவ்வாண்டே புதுச்சேரிக்குச் சென்று, பத்தாண்டுகள் அங்குத் தங்க நேர்ந்தது. 1911-இல் அவருடைய ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ என்னும் நூல்களைச் சென்னை மாகாண அரசு தடை செய்தது. அக்காலத்து எழுத்தாளருக்குப் பணமுடையோடு அரசின் சினமும் தடையாக நின்றது.

1920-இல் கடையத்திலிருந்து அவர் ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தார். தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிடுவது அத்திட்டம். கணக்கிட்டுப் பாருங்கள், மொத்தம் நான்கு இலட்சம் பிரதிகள்! வீடுதோறும் வாங்கும் எளிய பண்டங்கள்போலத் தமிழ் நூல்கள் விற்க வேண்டும் என்பது அவர் வேட்கை. முதலுக்காக அன்பர்களிடம் கடன் கேட்டார். பணம் வந்து சேரவில்லை. 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். 1922-இல் அவர் துணைவியார் செல்லம்மா பாரதி, பாரதி ஆசிரமம் என்னும் பெயரால் அவர் பாடல்களை அச்சேற்றத் தொடங்கினார். 1949-இல் அந்நூல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசு ஏற்றது. பின்னர் அவை மக்கள் உடைமையாயின.

ஒருவர் முயற்சி வென்றதும் மற்றொருவர் முயற்சி வெல்லாததும் எதனால்? சாமிநாதையருக்கு மாதச் சம்பளம் இருந்தது. ஒரு நூலுக்குப் பின் ஒரு நூலாக, தம்மை அறிந்தவர்களை நம்பி நடந்தார். பாரதியாருக்கு நிலையான வருவாயில்லை. பெயரறியாத பல்லாயிரம் வாசகர்களை நம்பினார். அத்தனை பேரை நூலோடு இணைக்கும் கடைகளும், எழுத்தறிவும் அந்நாளில் போதிய அளவில் இல்லை. எனினும் அவர் கணக்கு அடியோடு தவறென்று சொல்லிவிட முடியாது. பிற்காலத்தில் மலிவுப் பதிப்புகளாக அவர் கவிதைகள் எண்ணற்ற இல்லங்களுக்குச் சென்றன. அவர் எதிர்பார்த்த வாசகர் வந்தனர். வரும்போது அவர் இல்லை.

இக்காலத்தில் அச்சிடுதல் எளிது. கணினி அறிந்த இளைஞர் ஒருவர் தம் நூலைத் தாமே வடிவமைத்துச் சில பிரதிகள் மட்டும் அச்சிட்டுக்கொள்ளவும் இயலும். நாவலர் கடல் கடந்து கொணர்ந்த கருவி இன்று வீட்டு மேசைமேல் இருக்கிறது. ஆனால் அவர் காட்டிய பிழை பொறாத கவனத்தையும், சாமிநாதையர் ஈட்டிய நம்பிக்கையையும் எந்தக் கருவியும் தந்துவிடாது. உங்களுள் நூல் வெளியிட விரும்புவோர் இவ்விரண்டையும் முதலில் தேடிக்கொள்ளுங்கள். மற்றையோர், நல்ல நூலொன்று வெளிவரும் செய்தி அறிந்தால், ஒரு பிரதிக்கு உங்கள் கையொப்பத்தை முன்னதாகவே இடுங்கள். அடுத்ததொரு பாரதி நம்மிடையே கடன் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.