பிஜி தொலைக்காட்சி ஆய்வு

பிஜி தொலைக்காட்சி ஆய்வு என்பது, தொலைக்காட்சியின் வருகைக்குப் பின்னர் பிஜித் தீவுகளின் பதின்ம வயதுப் பெண்கள் தம் உடலைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் எவ்வாறு மாறியது என்பதை ஆராய்ந்த மருத்துவ மானிடவியல் ஆய்வு ஆகும். ஆர்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த உளமருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர் இதற்குத் தலைமை வகித்தார். முடிவுகள் 2002 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன.

பின்னணி

பூர்வீகப் பிஜியர் மரபில் பருத்த, உறுதியான உடலே அழகெனக் கருதப்பட்டது. அது உழைக்கும் வலுவை மட்டுமன்றி, உறவினர் அவரை நன்கு பேணுகின்றனர் என்பதையும் காட்டியது. உண்போரை மேலும் உண்ணுமாறு வற்புறுத்துவது அங்கு வழக்கம். தமிழர் வீடுகளுக்கும் இது புதிதன்று. ஒருவர் மெலிந்தால் சுற்றத்தார் கவலையுற்றனர். பசியின்மை 'மாதாக்கே' என்னும் நோயாகக் கருதப்பட்டு, அதற்கு மூலிகை மருந்து கொடுக்கப்பட்டது. மெலிவதற்காக உணவைக் குறைப்பது அரிதாகவே இருந்தது.

ஆய்வும் முடிவுகளும்

நந்திரோங்கா பகுதிக்குத் தொலைக்காட்சி 1995 இல் வந்தது. வந்த சில வாரங்களில் 63 பள்ளி மாணவியரிடமும், மூன்றாண்டுகள் கழித்து 1998 இல் வேறு 65 மாணவியரிடமும் 26 வினாக்கள் கொண்ட உணவு மனப்பான்மை வினாத்தாள் அளிக்கப்பட்டது. அனைவரும் பூர்வீகப் பிஜியர். அந்நாட்டில் வாழும் தமிழர் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினர் இதில் சேர்க்கப்படவில்லை.

உண்ணல் கோளாறு ஏற்படும் வாய்ப்பைக் குறிக்கும் மதிப்பெண் பெற்றோர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்தனர். எடையைக் குறைக்கத் தாமே வாந்தி எடுத்ததாக 1995 இல் ஒருவரும் கூறவில்லை. 1998 இல் 11.3 விழுக்காட்டினர் கூறினர். தாம் பருமனாக இருப்பதாகச் சில வேளைகளிலேனும் எண்ணியோர் 74 விழுக்காட்டினர் ஆவர்.

நேர்காணல்கள் எண்களை விடக் கூடுதலாக விளக்குகின்றன. வெளிநாட்டுத் தொடர்களின் நாயகியரைப் போல் ஆக விரும்பிய மாணவியர், அழகை மட்டும் நாடவில்லை. மெலிந்த உடல் இருந்தால் ஊதியம் தரும் வேலை கிடைக்கும் என்றும் அவர்களுட் பலர் நம்பினர். தோட்ட வேலையும் மீன்பிடித்தலும் சார்ந்த வாழ்வு மாறிவந்த காலம் அது.

குறைபாடுகள்

தொலைக்காட்சியே நோயை உண்டாக்கியது என இவ்வாய்வு பெரும்பாலும் சுருக்கிக் கூறப்படுகிறது. இது மிகைக்கூற்று. இரு முறையும் வெவ்வேறு மாணவியரே வினவப்பட்டனர். தொலைக்காட்சி எட்டாத ஊர் எதுவும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. வினாத்தாள் மதிப்பெண் நோயறிதலும் அன்று.

பெக்கர் குழுவினர் 523 மாணவியரைக் கொண்டு நடத்திய பின்னைய ஆய்வு 2011 இல் வெளியானது. ஒருவர் தாமே ஊடகங்களைப் பார்ப்பதை விட, அவருடைய தோழியரின் ஊடகப் பயன்பாடே உண்ணல் கோளாற்று அறிகுறிகளுடன் வலுவான தொடர்பு கொண்டிருப்பதாக அது கண்டறிந்தது.