வழு உறையும் இடம்

1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. கொழும்பிற் புகையிரதம் ஏறியோர் தலைமன்னாரிற் கப்பலுக்கு மாறி, தனுஷ்கோடியில் மீண்டும் புகையிரதம் ஏறிச் சென்னையை அடைந்தனர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இருநாட்டிலும் நெடுந்தூரத் தண்டவாளம் எஞ்சியிருந்தும், புகையிரதமும் கப்பலும் கூடும் துறை சிதைந்தமையால் அவ்வழி அறுந்தது.

மென்பொருளின் வரலாறும் இதனை ஒத்ததே. தனிக் கணினியில் இயங்கும் செயலியில் வழு பெரும்பாலும் நிரலினுள்ளேயே உறையும். வலைச் செயலியோ உலாவி, வலையமைப்பு, வழங்கி, தரவுத்தளம் எனப் பல துறைகளைக் கடப்பது. ஆங்கும் நிரல்வழு உண்டு. அதனொடு துறைமாறும் இடங்களிற் புதுவழுக்களும் தோன்றும்.

ஈழத்தமிழர் நன்கறிந்த சான்று பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களுக்கே அது தமிழ் வடிவம் அளித்தது. தட்டச்சிட்ட கணினியில் மடல் செம்மையாகத் தோன்றும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியை அடைந்ததும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகும். எழுதியவரும் பிழைசெய்திலர், வாசித்தவரும் செய்திலர். போரினாற் கடல்கடந்த மகனுக்குத் தாய் விடுத்த மடல் இவ்வாறு சிதையுமாயின் இழப்புச் சிறிதன்று.

1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பு தமிழுக்குத் தனிக் குறியெண்களை வகுத்தது. அனுப்புவோரும் பெறுவோரும் அதனை ஏற்ற பின்னரே மடல் பழுதின்றிக் கரைசேர்ந்தது.

ஆதலின், வலைச் செயலியைச் சோதிக்கும் மாணவர் நிரலை நோக்குவதோடு அமையாது, ஒன்று மற்றொன்றிடம் கையளிக்கும் துறைகளையும் ஊன்றி நோக்குவாராக.