சிறுவாடு

வீட்டுச் செலவுக்குக் கணவர் கொடுக்கும் காசில் மிச்சம் பிடித்துப் பெண்கள் யாருக்கும் தெரியாமல் சேர்த்துவைப்பது சிறுவாடு. பொதுவாக இப்படித்தான் பொருள் சொல்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்த விளக்கம் அந்தப் பணத்தை அடுத்தவர் சம்பாத்தியத்தின் மீதியாக்கிவிடுகிறது.

அகராதிகளில் சிறுபாடு என்ற வடிவமும் உண்டு. மூத்த வடிவம் அதுதான் என்று கொள்ளலாம். உயிரெழுத்துகளுக்கு நடுவே நிற்கும் பகரம் வகரமாகத் தளர்வது தமிழுக்குப் பழக்கமானதுதான். பாபம் பாவமானதும் தபம் தவமானதும் அப்படியே. ஆக, சிறு என்பதோடு பாடு. படு என்னும் வினையில் பிறந்த இந்தப் பாடு உழைப்பையும் துன்பத்தையும் சேர்த்தே குறிக்கும். பாடுபடுகிறவர் பாட்டாளி. கடற்கரைக்குப் போனால் இன்னொரு பொருள் உயிரோடு இருக்கிறது. வலையில் விழுந்த மீன்வரத்து அங்கே மீன்பாடு. ‘இன்னைக்குப் பாடு எப்படி?’ என்று கரையில் நிற்பவர் கேட்டால், என்ன கிடைத்தது என்று கேட்கிறார். உழைப்புக்கும் அதன் வரவுக்கும் ஒரே சொல். அந்த வழியில் பார்த்தால், சிறுபாடு என்பது பெண் தானே பாடுபட்டுக் கண்ட சிறு வரவு. இது என் துணிபு.

எங்கள் அப்பத்தாவின் சிறுவாடு அப்படி வந்ததுதான். தாத்தா அவள் கையில் காசு கொடுத்ததே இல்லை. விடியுமுன் எருமையைக் கறந்து, வீட்டுக்குப் போக மிஞ்சிய பாலை உறையூற்றிக் கடைந்து மோர் விற்பாள். சாணி வறட்டியாகும். நாளெல்லாம் களையெடுத்துவிட்டு வந்து, புளி உலுக்கும் நாட்களில் நடுச்சாமம்வரை உட்கார்ந்து கொட்டை எடுப்பாள். கோழி முட்டையும் வாரத்துக்கு விட்ட ஆடும் அவள் கணக்கு. காசு முதலில் முந்தானை முடிச்சுக்குப் போகும், பிறகு சுருக்குப்பைக்கு, கொஞ்சம் சேர்ந்ததும் பருப்புப் பானைக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவள். யாருக்கு எவ்வளவு கைமாத்து என்பதில் ஒருநாளும் பிசகியதில்லை. அத்தையின் தோடு, அப்பாவின் படிப்புக்குக் கட்டிய பணம், மழை பொய்த்த வருஷத்து விதைநெல் எல்லாம் அந்தப் பானையிலிருந்து வந்தவை. தனக்கென்று எடுத்தது வெற்றிலை பாக்குக்கு மட்டும். ‘ஏதாத்தா காசு?’ என்று அப்பா கேட்டால், ‘கெடந்துச்சுய்யா’ என்பாள். அவள் இறந்தபோது, தாத்தா தலையெடுக்க வைத்த குடும்பம் என்று ஊர் பேசியது. பாதிக்குமேல் அவள் தலையெடுக்க வைத்தது.

பெண்ணின் உடைமை என்று பொருள்பட வந்த ஸ்திரீதனம் தமிழில் சீதனமாகி, மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவதாக மாறிப்போனது. சிறுவாட்டுக்கு அந்தக் கதி நேரவில்லை. இருக்கும் இடம் தெரிந்தால்தானே கேட்க முடியும்?

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். பல பெண்கள் வருஷக்கணக்கில் மறைத்துவைத்ததைக் கணவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்போது இல்லத்தரசிகள் வங்கியில் போட்ட தொகை இரண்டரை லட்சம்வரை இருந்தால், அதைக் கணக்கில் காட்டாத வருமானமாகக் கொள்ளக் கூடாது என்று வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆக்ரா அமர்வு 2021இல் தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் மேலே போனது. கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்திலும் மனைவியின் வீட்டு உழைப்பு கலந்திருக்கிறது, அதில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்றது. அப்பத்தாவுக்கு இதைப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் தகுதியுள்ள மகளிர் கணக்கில் ஏறத் தொடங்கியது. உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனால் சிறுவாட்டுக்குக் காவல் அதன் மறைவுதான். பணம் ஏறியதும் வரும் குறுஞ்செய்தி அந்த வீட்டில் யார் கைபேசிக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.