கொல்கத்தா மாநகரின் திறந்தவெளிகள்: கருவும் உரியும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், அந்நிலத்து மரம், விலங்கு, புள், உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருளாகவும், மாந்தர்தம் அக ஒழுக்கத்தை உரிப்பொருளாகவும் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று தழுவி நிற்பதே திணை வாழ்வாகும். பெருநகரத்தில் இப்பிணைப்பு தளர்கிறது. நகரத்தார்க்கு இயற்கையின்பால் உணர்வு உண்டு. ஆயின் அவர்தம் உணவும் தொழிலும் கண்முன் உள்ள நிலத்தோடு தொடர்புடையன அல்ல. உரி எஞ்சிக் கரு விலகிய இந்நிலை நகரமக்களின் நலத்தையும் இயற்கைப் பாதுகாப்பையும் எவ்வாறு பாதித்துள்ளது என்பதைக் கொல்கத்தா மாநகரின் வரலாற்றை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொல்கத்தாவின் புகழ்பெற்ற மைதானம் மக்கள் உலவுவதற்காகத் தோன்றியதன்று. 1757ஆம் ஆண்டுப் பிளாசிப் போருக்குப் பின்னர்ப் புதிய வில்லியம் கோட்டை எழுப்பப்பட்டபோது, பீரங்கிகள் தடையின்றிச் சுடுவதற்காகக் கோவிந்தபூர்ப் பகுதியின் குடியிருப்பும் காடும் அகற்றப்பட்டன. போர்த் தேவைக்காக வெறுமையாக்கப்பட்ட நிலமே பின்னாளில் நகரின் நுரையீரல் எனப் பெயர் பெற்றது. இன்றும் அந்நிலம் இராணுவத்தின் பொறுப்பிலேயே உள்ளது.

திறந்தவெளியை உடல்நலத்தோடு இணைத்துப் பேசும் போக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. மருத்துவர் ஜேம்ஸ் ரானல்ட் மார்ட்டின் 1837ஆம் ஆண்டு வெளியிட்ட கல்கத்தாவின் மருத்துவ நிலவியல் குறித்த நூல் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தேங்கிய நீரும் அழுகிய தாவரமும் நச்சுக்காற்றை எழுப்பி நோய் விளைவிக்கின்றன என்பது அக்கால மருத்துவக் கொள்கையாகும். இக்கொள்கையின் விளைவு இருமுகமுடையது. அகன்ற சாலைகளும் காற்றோட்டமும் வேண்டும் என்ற குரல் எழுந்தது. அதே வேளையில், மக்கள் நாள்தோறும் புழங்கிய குளங்கள் பல நோயின் ஊற்றாகக் கருதப்பட்டுத் தூர்க்கப்பட்டன. புல்வெளி நலம் தருவது, குளம் நோய் தருவது என்னும் இப்பாகுபாடு மருத்துவக் கொள்கை மாறிய பின்னரும் நகரத்தார் மனத்தில் தங்கிவிட்டது எனலாம்.

இரவீந்திரநாத் தாகூர் தம் இளமை நினைவுகளைத் தொகுத்த 'ஜீவன்ஸ்மிருதி' (1912) என்னும் நூலில், ஜோராசாங்கோ இல்லத்துச் சாளரத்தின் வழியே குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்திருந்த பொழுதுகளைப் பதிவு செய்துள்ளார். பணியாளின் கட்டுக்காவலில் அறைக்குள் இருத்தப்பட்ட சிறுவனுக்கு அச்சாளரமே வெளியுலகம். 1901ஆம் ஆண்டு அவர் சாந்திநிகேதனில் மரநிழலில் பள்ளி தொடங்கியதை இவ்விளமை ஏக்கத்தோடு சேர்த்து நோக்குதல் பொருந்தும். நெடுங்காலத்திற்குப் பின்னர், 1984ஆம் ஆண்டு, அமெரிக்க ஆய்வாளர் ராஜர் உல்ரிச் பென்சில்வேனிய மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை ஒப்பிட்டார். சாளரத்தின் வழியே மரங்களைக் காண இயன்றோர் செங்கற்சுவரை மட்டும் கண்டோரைவிட விரைவில் இல்லம் திரும்பினர். வலிமை மிக்க வலிநீக்கிகளையும் குறைவாகவே நாடினர். ஒரு மருத்துவமனையின் சிறுதொகைச் சான்றாயினும், தாகூரின் சாளர அனுபவத்தை வெறும் கவிமனத்தின் புனைவாக ஒதுக்க இயலாது என்பதற்கு இது துணைநிற்கும்.

தென்கொல்கத்தாவின் இரவீந்திர சரோவர் மனிதர் வெட்டிய ஏரியாகும். கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை 1920களில் தாக்குரியா அருகே சதுப்பும் புதரும் மண்டிய ஏறத்தாழ 192 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தி, மண்ணை அகழ்ந்து சுற்றுப்புறத்தை மேடாக்கியது. அகழ்ந்த பள்ளமே ஏரியாயிற்று. 1958ஆம் ஆண்டு அதற்குத் தாகூரின் பெயர் சூட்டப்பட்டது. ஏரிக்கு அணித்தான லேக் மார்க்கெட் பகுதி, கொல்கத்தாத் தமிழர் பல தலைமுறைகளாகக் குடியிருந்துவரும் இடம் என்பது தமிழாய்வாளர் அறிந்ததே. காலைநடை, படகோட்டம், பறவை நோக்கல் ஆகியவற்றால் ஏரியோடு பழகியவர்களே அதன் காவலராகவும் ஆயினர். 2017ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்குச் சத் பூசை நடத்தத் தடை விதித்தது. ஆயினும் 2019ஆம் ஆண்டு பக்தர்கள் வாயிற்பூட்டுகளை உடைத்து உட்புகுந்தனர். 2020ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமும் தடையைத் தளர்த்த மறுத்தது. அவ்வாண்டு வாயில்கள் உறுதியாக அடைக்கப்பட்டன.

இந்நிகழ்வைப் பக்தி, சூழலியல் என்னும் இருமுனை மோதலாக மட்டும் காண்பது போதாது. ஞாயிற்றை நோக்கி நீரில் நின்று வழிபடுவோரும் இயற்கையோடு தொடர்புடையவரே. நடப்போரின் தொடர்பு பாதுகாப்புக்குரிய தொடர்பாகவும், நீராடுவோரின் தொடர்பு மாசாகவும் வகைப்படுத்தப்பட்டன. ஏரியின் நலன் கருதின் தடை சரியானதே. ஆனால் எவர் தொடர்பு தொடர்பாக ஏற்கப்படுகிறது என்னும் வினா அத்துடன் முடிந்துவிடவில்லை.

புத்தகக் கண்காட்சியின் வரலாறு இதனினும் சுவையானது. 1976ஆம் ஆண்டு தொடங்கிய கொல்கத்தாப் புத்தகக் கண்காட்சி மைதானத்திலேயே வளர்ந்தது. 1997ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின்னரும் அது அவ்விடத்தை விட்டு அகலவில்லை. மைதானத்தின் புல்வெளி சிதைகிறது, புழுதி பெருகுகிறது எனச் சூழல் ஆர்வலர் தொடுத்த வழக்கின் விளைவாக 2007ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் இசைவு மறுத்தது. நூல் நேயமும் பசுமை நேயமும் ஒரே நடுத்தர வகுப்பின் இரு பற்றுகள். அவை நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றன. கண்காட்சி அவ்வாண்டு சால்ட் லேக் விளையாட்டரங்க வளாகத்திற்கு மாறியது. 2018ஆம் ஆண்டு முதல் அதே சால்ட் லேக்கின் பூங்காத் திடலில் நடைபெற்று வருகிறது. சால்ட் லேக் நகரமோ 1960களில் ஹூக்ளி ஆற்று மணலைக் கொட்டி ஈரநிலத்தைத் தூர்த்து எழுப்பப்பட்டது. புல்வெளியைக் காக்கும் பொருட்டு, தூர்க்கப்பட்ட நீர்ப்பரப்பின் மேல் புத்தகச் சந்தை கூடியது. அந்நீர்ப்பரப்பு தூர்க்கப்பட்ட காலத்தில் அதனைச் சுற்றி நடைபயின்ற நகரத்தார் இலர்.

எஞ்சிய கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களின் நிலை இங்கு விரிவாக நோக்கத்தக்கது. வித்யாதரி ஆறு தூர்ந்து 1928ஆம் ஆண்டு பயனற்றதென அறிவிக்கப்பட்டபின், நகரின் கழிவுநீர் உவர்ச்சதுப்புகளுக்குள் திருப்பப்பட்டது. அந்நீரை ஆழமற்ற குளங்களில் தேக்கி மீன் வளர்க்கும் முறையை மீனவரும் குளவுடைமையாளரும் தம் பட்டறிவால் செம்மைப்படுத்தினர். ஞாயிற்றொளியில் பாசி தழைத்து உயிர்வளியை வெளியிடுகிறது. அதனைக் கொண்டு நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. பாசியை மீன் உண்கிறது. அரசுப் பொறியாளராயிருந்த துருபஜோதி கோஷ் (1947–2018) 1980களில் இம்முறையை ஆராய்ந்து உலகறியச் செய்தார். மரபுவழிச் சுத்திகரிப்பு நிலையம் எதுவுமின்றி ஒரு மாநகரம் தன் கழிவுநீரின் பெரும்பகுதியைத் தூய்மை செய்துவந்தமை அவர் ஆய்வால் வெளிப்பட்டது.

இந்நிலத்தில் வணிக மையம் எழுப்பும் திட்டம் வந்தபோது, 'பப்ளிக்' என்ற சுருக்கப் பெயருடைய நகரக் குடிமக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1992ஆம் ஆண்டு நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி ஈரநிலத்தைக் காக்கும் வகையில் தீர்ப்பளித்தார். 2002ஆம் ஆண்டு 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2006ஆம் ஆண்டு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. வழக்குத் தொடுத்தோர் அக்குளங்களில் வலைவீசியவர் அல்லர். எனவே, நேரடிப் பழக்கம் இன்றேல் பாதுகாப்புணர்வு தோன்றாது என்னும் கருத்து முற்றிலும் பொருந்துவதன்று. 'அனுபவ அழிவு' என்னும் கோட்பாட்டை முன்வைத்த ராபர்ட் பைல் 1993ஆம் ஆண்டு எழுதிய நூலில், அருகிலுள்ள இயற்கையோடு பழக்கம் குன்றுதல் மேலும் இழப்பிற்கு வழிகோலும் என்றார். கொல்கத்தாவில் அப்பழக்கத்தின் இடத்தை ஓரளவிற்கு ஆய்வறிவு நிரப்பியது என்பதே உண்மை.

ஓரளவிற்கு என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். மைதானத்தில் ஒரு மரம் வெட்டப்பட்டால் நாளிதழ்களில் குரல் எழுகிறது. புறவழிச்சாலைக்குக் கிழக்கே ஒரு குளம் தூர்க்கப்படுவதை உடனே காண்போர் அதில் மீன் பிடிப்போர் மட்டுமே. 2005ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் கோஷ் மீனவரின் மரபறிவை மையப்படுத்தியதற்கு இதுவே காரணம் எனக் கருத இடமுண்டு. குளத்து நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டு கழிவுநீரை எப்பொழுது திறப்பது, எவ்வளவு விடுவது என முடிவு செய்வோர் அவர்கள். உணவும் தொழிலும் ஒரே நிலத்தில் அமைந்தவர்கள். கருப்பொருள் சிதையாத அவ்வாழ்வு, மாநகரின் எல்லையிலேயே, நிலவிலையேற்றத்தின் நெருக்கடிக்கு இடையே தொடர்ந்து வருகிறது.