கூடு விட்டுக் கூடு பாயும் வித்தை - கியூஎமு கதை

மக்களே, இது கொஞ்சம் பழைய கணினிக் கதை. ரொம்ப நாளா எழுதணும்னு வெச்சிருந்தது. கொஞ்சம் நீளம், அதனால டீ காபி ஏதாவது கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.

என் மடிக்கணினியில இருக்கறது சாதாரண இன்டெல் பிராசசர். ஆனா கருப்புத் திரையைத் திறந்து 'கியூஎமு-சிஸ்டம்' அப்படின்னு ஆரம்பிச்சு, பின்னாடி ஒரு பிராசசர் பேரைச் சேர்த்தா, அந்த வினாடியில இருந்து அது வேற மெஷின். 'ஆர்ம்'னு போட்டா செல்போன்ல இருக்கற ஜாதி. 'ஸ்பார்க்'னு போட்டா சன் மைக்ரோசிஸ்டம்ஸ் காலத்துப் பெட்டி. 'பிபிசி'னு போட்டா பழைய ஆப்பிள் மேக். ஹைஃபன் எம் போட்டு எவ்வளவு மெமரினு சொல்லணும், ஹைஃபன் எச்டிஏ போட்டு எந்த ஃபைலை ஹார்ட் டிஸ்க்னு நினைச்சுக்கணும்னு சொல்லணும். அவ்வளவுதான். உள்ள ஓடுற லினக்ஸுக்குத் தான் குடியிருக்கறது வாடகை உடம்புன்னே தெரியாது. சித்தர் கதைகள்ல வர்ற கூடு விட்டுக் கூடு பாயற சமாச்சாரம்தான், மந்திரத்துக்குப் பதிலா ஒரு வரி கட்டளை.

இதை எவன் முதல்ல யோசிச்சான்? நிறைய பேர் இது ஏதோ வீடியோ கேம் பசங்க கண்டுபிடிச்ச விஷயம்னு நினைக்கறாங்க. கிடையாது. இது வியாபாரப் பயத்துல பிறந்த குழந்தை.

1964 ஏப்ரல்ல ஐபிஎம் தன்னோட சிஸ்டம்/360 வரிசையை அறிவிச்சுது. அதுக்கு முன்னாடி அவங்களோட 1401 மெஷின் பத்தாயிரத்துக்கும் மேல ஓடிக்கிட்டு இருந்துது. பேங்க், இன்ஷூரன்ஸ்னு எல்லா இடத்திலயும் வருஷக்கணக்கா எழுதி வெச்ச ப்ரோக்ராம்கள். புது மெஷினுக்கும் பழசுக்கும் பிராசசர் மட்டத்துல ஒட்டும் இல்ல உறவும் இல்ல. "எல்லாத்தையும் திரும்ப எழுதுங்க"ன்னு சொன்னா வாடிக்கையாளர் என்ன பண்ணுவான்? எப்படியும் திரும்ப எழுதணும்னா நான் ஏன் உன் மெஷினையே வாங்கணும்னு கேப்பான். இதைச் சரியா மோப்பம் பிடிச்சது ஹனிவெல். 1963 கடைசியில அவங்க ஹனிவெல் 200னு ஒண்ணை அறிவிச்சாங்க. கூடவே 1401 ப்ரோக்ராம்களை மாத்திக் கொடுக்கற ஒரு கருவி. அதுக்கு வெச்ச பேரு 'லிபரேட்டர்', அதாவது விடுதலை கொடுப்பவன். குசும்பு பாருங்க :-)

ஐபிஎம் அதுக்குச் சொன்ன பதில்தான், 360க்குள்ளயே மைக்ரோகோட் வெச்சு 1401 மாதிரி நடிக்கற வசதி. எமுலேட்டர்ங்கற பேரையே இந்த வேலைக்கு வெச்சது ஐபிஎம்ல இருந்த லாரி மாஸ். இதுல சில 360 மாடல்கள் அசல் 1401ஐ விட வேகமாவே பழைய ப்ரோக்ராமை ஓட்டின. நகல் அசலை முந்தறது அப்பவே நடந்துருச்சு.

அடுத்த காட்சி 1975. பாபுலர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையோட ஜனவரி இதழ் அட்டையில ஆல்டேர் 8800னு ஒரு பெட்டி. அதைப் பார்த்துட்டு பில் கேட்ஸும் பால் ஆலனும் அந்தக் கம்பெனிக்குப் பேசி, எங்ககிட்ட இதுக்கு பேசிக் மொழி இருக்குன்னு சொல்றாங்க. ஒரு வரி கூட எழுதலை. அதை விட முக்கியம், அவங்ககிட்ட ஆல்டேரும் கிடையாது, அதுக்குள்ள இருக்கற இன்டெல் 8080 சிப்பும் கிடையாது. ஆலன் என்ன பண்ணாரு, ஹார்வர்ட்ல இருந்த பிடிபி-10 கணினியில 8080 மாதிரியே நடந்துக்கற ஒரு ப்ரோக்ராமை எழுதினாரு. சிப்போட கையேட்டைப் படிச்சே எழுதினது. அந்தப் பொய்யான 8080 மேல கேட்ஸ் பேசிக்கை எழுதினாரு. கூட தசமக் கணக்குப் பகுதியை எழுதினது மான்டி டேவிடாஃப், பல பேர் மறந்துபோன மூணாவது ஆள்.

பேப்பர் டேப்பை எடுத்துக்கிட்டு ஆலன் ஆல்பகர்க்கிக்குப் ப்ளேன் ஏறுறாரு. டேப்பை மெஷினுக்குள்ள ஏத்தறதுக்கான குட்டி லோடர் ப்ரோக்ராம் எழுதலைன்னு பாதி வானத்துல ஞாபகம் வருது. ப்ளேன்லயே உக்காந்து பேப்பர்ல எழுதி முடிச்சாரு. நிஜ ஆல்டேரை வாழ்க்கையில முதல் தடவையா தொட்டு டேப்பை ஓட்டினா, ரெண்டும் ரெண்டும் கூட்டினா நாலுன்னு பதில் வந்துது. கையேட்டுல ஒரு இன்ஸ்ட்ரக்ஷனை ஆலன் தப்பாப் புரிஞ்சிருந்தா அன்னிக்கு மைக்ரோசாஃப்ட் பிறந்திருக்காது. ஒரு கம்பெனியோட தலையெழுத்து எமுலேட்டரோட துல்லியத்துல தொங்கின கதை இது. பிசினஸ் புத்தகங்கள்ல கேட்ஸோட சாமர்த்தியம்னுதான் இதை எழுதறாங்க, என் ஓட்டு ஆலனுக்குத்தான்.

நடுவுல நடந்ததை வேகமா தாண்டிடறேன். தொண்ணூறுகள்ல கெவின் லாட்டன் எழுதின 'பாக்ஸ்', ஒரு முழு பிசியை மென்பொருளாவே செஞ்சு காட்டுச்சு. ஆரம்பத்துல காசு கொடுத்து வாங்கணும், 2000ல மாண்ட்ரேக்சாஃப்ட் வாங்கி கட்டற்ற மென்பொருளா விட்டுட்டாங்க. துல்லியம் சரி, வேகம்தான் ஆமை. விஎம்வேர் வேகமா ஓடும், ஆனா இன்டெல் மேல இன்டெல் மட்டும்தான்.

இப்ப நம்ம ஹீரோ என்ட்ரி. ஃபாப்ரிஸ் பெல்லார். 1972ல பிறந்த பிரெஞ்சுக்காரர். பதினேழு வயசுல எல்இசட்இஎக்ஸ்இ-ன்னு டாஸ் ஃபைல்களைச் சுருக்கற ப்ரோக்ராம் எழுதினவர். 2000ல எஃப்எஃப்எம்பெக் ஆரம்பிச்சவர், இன்னிக்கு இணையத்துல நீங்க பார்க்கற வீடியோ ஏதோ ஒரு கட்டத்துல அது வழியா போயிருக்க வாய்ப்பு அதிகம். 2009 கடைசி நாள்ல சாதாரண டெஸ்க்டாப் பிசியை வெச்சு பை எண்ணை 2.7 லட்சம் கோடி இலக்கம் வரைக்கும் கணக்குப் போட்டதா அறிவிச்சவர். அதுக்கு முந்தின சாதனை ஜப்பான்ல ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் பண்ணது. இந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்.

2003ல அவர் கியூஎமுவை வெளியிட்டாரு. ஆரம்ப ஆசை சின்னது. விண்டோஸ் ப்ரோக்ராம்களை லினக்ஸ்ல ஓட்டற 'வைன்', இன்டெல் அல்லாத மெஷின்லயும் ஓடணும்.

இதுல அவர் பண்ண வித்தையைக் கொஞ்சம் விளக்கியே ஆகணும். தேர்தல் மேடையில வட இந்தியத் தலைவர் பேசும்போது பக்கத்துல ஒருத்தர் நின்னு வரிக்கு வரி மொழிபெயர்ப்பாரு இல்லையா, பாக்ஸ் அந்த மாதிரி. தலைவர் ஒரே கோஷத்தை ஆயிரம் தடவை போட்டா இவரும் ஆயிரம் தடவை யோசிச்சு மொழிபெயர்ப்பாரு. கியூஎமு அந்தக் கோஷத்தை ஒரு தடவை மொழிபெயர்த்து சீட்டுல எழுதி வெச்சுக்கும், அடுத்த தடவை சீட்டைப் பார்த்துப் படிக்கும். இந்தச் சீட்டுக்கட்டுக்கு அவர் ஒதுக்கினது 16 எம்பி. நிரம்பிட்டா எது பழசு எது புதுசுன்னு ஆராய்ச்சி எல்லாம் கிடையாது, மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கும். எனக்கு இந்த முரட்டுத்தனம் ரொம்பப் பிடிச்சது.

இன்னொரு வித்தை. இன்டெல் பிராசசர்ல ஒவ்வொரு கூட்டல் கழித்தலுக்கும் பின்னாடி, விடை பூஜ்யமா, நெகடிவா, மிச்சம் வந்துதான்னு ஒரு குறிப்பு மாறிக்கிட்டே இருக்கும். முக்கால்வாசி நேரம் அதை யாரும் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. அதனால கியூஎமு அந்தக் குறிப்பைக் கணக்கே போடாது. எந்தக் கணக்கு, என்ன எண், என்ன விடைங்கறதை மட்டும் வெச்சுக்கும். யாராவது கேட்டாதான் கணக்குப் போடும். டீக்கடை அக்கவுண்ட் நோட்டு மாதிரி, மாசக் கடைசியிலதான் கூட்டல்.

2005ல யூஸ்நிக்ஸ் மாநாட்டுல அவர் கொடுத்த கட்டுரைப்படி, முழு பிசியை நடிக்கறதுல இது பாக்ஸை விட சுமார் 30 மடங்கு வேகம். சாதாரண முழு எண் கணக்குல நிஜ மெஷினை விட 4 மடங்கு மெதுவு, தசமக் கணக்குல 10 மடங்கு மெதுவு.

குறையும் இருந்துது. மொழிபெயர்ப்புத் துண்டுகளை உண்டாக்க ஜிசிசி கம்பைலரையே கில்லாடித்தனமா பயன்படுத்தியிருந்தாரு. சின்னச் சின்ன சி துண்டுகளை அது மெஷின் கோடா மாத்தும், 'டைன்ஜென்'ங்கற கருவி அதை வெட்டி எடுத்து ஒட்டும். ஜிசிசி 4 வந்ததும் அது கோடை உருவாக்கற விதம் மாறி, வெட்டற இடமே தப்பிப் போச்சு. உலகமே புது கம்பைலருக்குப் போனப்புறமும் கியூஎமுவுக்காக பழைய ஜிசிசி 3ஐ ஓரமா வெச்சிருக்க வேண்டிய நிலைமை. 2008ல பெல்லாரே டிசிஜின்னு சொந்தமா ஒரு கோட் ஜெனரேட்டர் எழுதி இந்தத் தலைவலியை முடிச்சாரு.

இதை விட எனக்கு முக்கியமாப் படறது 'கேகியூஎமு' விவகாரம். இன்டெல் மேலயே இன்டெலை ஓட்டும்போது மொழிபெயர்ப்பு தேவையில்ல, நேரடியா பிராசசர்கிட்டயே கொடுத்துடலாம். 2005ல அதுக்கு அவர் எழுதின வேகக்கருவி கேகியூஎமு. ஆனா அதோட சோர்ஸை மூடி வெச்சாரு. கடைசியில 2007 பிப்ரவரியில கட்டற்றதா திறந்து விட்டாரு. அதே மாசம் என்ன நடந்துதுன்னா, லினக்ஸ் 2.6.20 வெளிவந்துது, உள்ளயே கேவிஎம்மோட. குவாம்ரானெட்ங்கற இஸ்ரேல் கம்பெனியில அவி கிவிட்டி எழுதினது. இன்டெலும் ஏஎம்டியும் பிராசசருக்குள்ளயே கொடுத்த புது வசதியை வெச்சு அது ஓடுச்சு. கேகியூஎமுவுக்கு வேலையே இல்லாம போச்சு. ரெண்டு வருஷம் முன்னாடியே திறந்திருந்தா கதை மாறியிருக்குமான்னு நான் யோசிச்சதுண்டு. மாறியிருக்காதுன்னுதான் தோணுது, சிப்புக்குள்ளயே வந்துட்ட வசதியோட மென்பொருள் எத்தனை நாள் மல்லுக்கட்ட முடியும்?

வேடிக்கை என்னன்னா, கேவிஎம்முக்குத் தனியா நிக்கத் தெரியாது. அது பிராசசரை மட்டும்தான் கவனிக்கும். டிஸ்க், நெட்வொர்க் கார்டு, கீபோர்டு இதெல்லாம் நடிக்க ஆள் வேணும். அதுக்கு கியூஎமுவையே கூட்டிக்கிட்டாங்க. விர்ச்சுவல்பாக்ஸும், ஸென்னும்கூட இதோட கோடை எடுத்துப் பயன்படுத்தினாங்க. அதனாலதான் 2015ல 'வெனம்' வந்தப்ப எல்லாரும் அலறினாங்க. கியூஎமுவோட ஃப்ளாப்பி டிரைவ் கோட்ல ஒரு ஓட்டை, 2004ல இருந்து அங்கயே இருந்தது. அது வழியா உள்ள இருக்கற மெஷின்ல இருந்து வெளிய தப்பிச்சு வர வாய்ப்பு. கிளவுடு யுகத்துல ஃப்ளாப்பி டிரைவ் வழியா திருட்டு!

ஆலன் பண்ணின வேலை திரும்பவும் நடந்துச்சு. 2007 நவம்பர்ல கூகிள் ஆண்ட்ராய்டுக்கான எமுலேட்டரை வெளியிட்டப்ப கடையில ஒரு ஆண்ட்ராய்டு போன் கூட கிடையாது. முதல் போன் வந்தது 2008 அக்டோபர்ல. அந்த எமுலேட்டருக்குள்ள இருந்தது கியூஎமு. முதல் ஆண்ட்ராய்டு ஆப்கள் பலதும், இல்லாத போன்ல ஓடிப் பழகினவை.

புது மெஷினை விட பழைய மெஷின் விஷயத்துலதான் எனக்குக் கவலை அதிகம். யூனிகோடுக்கு முன்னாடி ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்குன்னு ஒரு எழுத்து முறை வெச்சிருந்தது நம்ம எல்லாருக்கும் தெரியும். டாஸ் காலத்து மென்பொருள்ல தட்டின ஃபைல் இன்னிக்குத் திறந்தா வெறும் கிறுக்கல். எழுத்துரு மாற்றி கிடைச்சா சரி, கிடைக்காட்டி அந்த மென்பொருளையே ஓட்டிப் பார்க்கறதுதான் வழி. கியூஎமுல ஃப்ரீடாஸை ஏத்தினா அந்தக் காலத்து பிசி ரெடி, ஆனா அந்த மென்பொருளோட ஃப்ளாப்பியை யாராவது தூக்கிப் போடாம வெச்சிருக்கணும்.

தூக்கிப் போடாம வெச்சிருந்தா என்ன நடக்கும்னு சமீபத்துல பார்த்தோம். 2025ல அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துல சாமான் அறையைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய மேக்னடிக் டேப் கிடைச்சுது. மேல கையெழுத்துல பெல் லேப்ஸ், யூனிக்ஸ், நாலாம் பதிப்புன்னு எழுதியிருந்துது. 1973ல வந்த பதிப்பு, யூனிக்ஸ் கெர்னலை சி மொழியில திரும்ப எழுதினதுக்கு அப்புறம் வந்த முதல் பதிப்பு. அதோட கையேடும் சில துண்டு துணுக்கும்தான் அது வரைக்கும் மிச்சம்னு எல்லாரும் நினைச்சிருந்தாங்க. டேப்பைக் கையோட கலிஃபோர்னியாவில இருக்கற கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துக்குக் கொண்டு போய், டிசம்பர்ல படிச்சாங்க. அம்பது வருஷத்து டேப், ஏறக்குறைய முழுசா படிக்க முடிஞ்சுது. கொஞ்ச நாள்லயே அதை பிடிபி-11 எமுலேட்டர்ல ஏத்தி ஓட்டியும் காட்டிட்டாங்க. அந்த பிடிபி-11 நிஜத்துல பீரோ உசரம் இருக்கும். இப்ப அது மடிக்கணினிக்குள்ள ஒரு சன்னல்ல உக்காந்து, லாகின் பேரு கேட்டுக்கிட்டு இருக்கு.