கோல்ஃப் இலக்கங்களை வாசிப்பது எப்படி?

2024 ஓகஸ்ட் 4ஆம் திகதி பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் கோல்ஃப் முடிந்தபோது, அமெரிக்க வீரர் ஸ்கொட்டி ஷெஃப்லரின் பெயருக்கு எதிரே -19 என்று இருந்தது. துடுப்பாட்ட அட்டைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, கழித்தல் குறியோடு ஒருவர் தங்கம் வாங்குவது புதிராகத்தான் இருந்தது. லாச்சப்பல் தேநீர்க்கடைகளில் எந்த ஆட்டத்தின் கணக்கையும் விரல்நுனியில் வைத்திருப்பவர்கள்கூட இந்த ஒன்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். கணக்கு அவ்வளவு கடினமானதல்ல.

ஒவ்வொரு குழிக்கும் ஒரு தேர்ந்த ஆட்டக்காரருக்கு எத்தனை அடி தேவை என்று முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். அது 3, 4 அல்லது 5. அதற்குப் பெயர் பார். ஒலிம்பிக் நடந்த லெ கோல்ஃப் நசியோனல் திடலில் ஆண்களுக்கு 18 குழிகளின் பார் 71. நான்கு நாளுக்கு 284. ஷெஃப்லர் எடுத்தது 265; கடைசி நாளில் மட்டும் 62. வெள்ளி வென்ற இங்கிலாந்தின் ரொமி ஃபிளீட்வூட் அவரைவிட ஒரே ஒரு அடி கூடுதல். அதே திடலில் பெண்கள் தங்கம் வென்ற லிடியா கோவின் இலக்கம் -10. அதனால் அவர் ஆட்டம் பாதி என்று எண்ணிவிடக் கூடாது. பெண்களுக்குத் தூரமும் வேறு, பாரும் வேறு (72). எதற்கு எதிராக எண்ணப்பட்டது என்று தெரியாத கோல்ஃப் இலக்கத்துக்குப் பொருளில்லை.

தொழில்முறை ஆட்டத்தில் ஒரு அடி என்பது பணம். வழமையான நான்கு நாள் போட்டிகளில் இரண்டு நாள் முடிந்ததும் ஒரு வெட்டுக்கோடு விழும். அதற்கு ஒரு அடி வெளியே நின்றவர் பெரும்பாலும் பரிசுப்பணம் இல்லாமல் வீடு திரும்புவார், பயணச் செலவும் தங்குமிடச் செலவும் தன் கையிலிருந்து. இந்தியத் தொழில்முறைச் சுற்றின் முடிவுப் பட்டியல்களில் தங்கராஜா, பிரபாகரன் என்ற இலங்கை வீரர்களின் பெயர்களைத் தேடுகிறவர்கள், முதலில் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

சரி, ஒருவர் எங்கே வென்றார், எங்கே தோற்றார்? முன்பெல்லாம் ஒரு சுற்றுக்கு எத்தனை புட் அடித்தார் என்று எண்ணினார்கள். அது ஏமாற்றும் எண். கிரீனைத் தவறவிட்டு, பிறகு பந்தைக் குழிக்குப் பக்கத்தில் தட்டி வைப்பவருக்குப் புட் குறைவாகவே வரும். அதற்காக அவர் நல்ல புட்டர் ஆகிவிட மாட்டார். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இதற்கு மாற்று வழி கண்டார். அமெரிக்க பி.ஜி.ஏ. சுற்று 2011இல் அதைப் புட்டுக்கு ஏற்றுக்கொண்டது. டக்வேர்த் லூயிஸ் தெரிந்தவருக்கு இதை விளக்குவது எளிது: மிச்சமிருக்கும் ஓவரையும் விக்கெட்டையும் வைத்து அங்கே எதிர்பார்ப்பைக் கணிப்பதுபோல, இங்கே பந்து கிடக்கும் இடத்திலிருந்து சராசரியாக எத்தனை அடி தேவை என்று கணிக்கிறார்கள். கிரீனில் 10 மீற்றரில் இருந்து தொழில்முறை வீரருக்குச் சராசரி இரண்டு அடி. ஒன்றில் போட்டால் ஒரு அடி இலாபம், மூன்றானால் ஒரு அடி நட்டம்.

பிராடியின் கணக்கில் தெரிந்த இன்னொன்று, புட்தான் எல்லாம் என்ற பழைய நம்பிக்கையை ஆட்டிவிட்டது. நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 90 மீற்றருக்கு அப்பாலிருந்து அடிப்பவற்றில் வருகிறது. தொலைக்காட்சியில் எல்லாப் புட்டும் விழுவதுபோலத் தோன்றுவதும் மாயைதான்; முன்னணியில் இருப்பவர்களைத்தான் காட்டுகிறார்கள். இரண்டரை மீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் உலகின் சிறந்தவர்கள்கூடப் பாதியைத் தவறவிடுகிறார்கள். ஞாயிறு காலையில் அதே தூரத்தில் தவறவிட்டு மட்டையைத் தரையில் குத்தும் நம்மவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பொழுதுபோக்கு ஆட்டக்காரருக்கு இருப்பது ஹண்டிகப். 2020 முதல் பிரான்சும் உலகப் பொது முறையையே பின்பற்றுகிறது. அடித்த மொத்தத்திலிருந்து திடலின் மதிப்பீட்டைக் கழித்து, 113ஆல் பெருக்கி, ஸ்லோப் எனப்படும் கடின எண்ணால் வகுக்க வேண்டும். மதிப்பீடு 72, ஸ்லோப் 130 உள்ள திடலில் 100 அடித்தால் வருவது 24.3. மதிப்பீடு 69, ஸ்லோப் 113 உள்ள இலகுவான திடலில் அதே 100க்கு வருவது 31. அட்டையில் இரண்டும் 100தான்.

இங்கேதான் பலர் மனம் உடைகிறார்கள். ஹண்டிகப் சராசரி அல்ல. கடைசி 20 சுற்றுகளில் மிகச் சிறந்த 8 மட்டுமே சேரும். அது உங்கள் நல்ல நாளின் அளவு, ஆகவே பெரும்பாலான நாட்களில் அதைவிட மோசமாகத்தான் ஆடுவீர்கள். ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் 36 புள்ளி வரவில்லை என்று பிள்ளையைத் திட்டும் தகப்பன்மார் இதைக் கவனிக்க வேண்டும். மறுபக்கம், சறுக்கிய அடியை எண்ணாமல் விடுபவர் தன் ஹண்டிகப்பைப் பொய்யாகக் குறைத்துக்கொள்கிறார். போட்டியன்று சலுகை அடிகள் போதாமல் தவிப்பவரும் அவரே.

புதிதாகத் தொடங்குபவருக்கு எண் 54. மதிப்பீடும் பாரும் ஒன்றாகவும் ஸ்லோப் 113 ஆகவும் உள்ள திடலில், குழிக்கு மூன்று சலுகை அடிகள். பார் 4 குழியில் 7 அடித்து முடித்தாலும் அவர் கணக்கில் அது பார், அட்டையில் 2 புள்ளி.